வளைந்து கொடுக்கும் மீன், வளையாத பவளம்

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பிடித்தால் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்ப் பக்கத்து ஏரிகள் ஒவ்வொன்றாகக் கோடி போகும். ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று கை மாறி, கடைசியில் கிழக்கே கழுவெளியில் போய் நிற்கும். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று கழுவெளியைச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் அதில் 5,151.6 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைக்காக அறிவித்தார்கள், எனக்கு அது மீன்களின் பள்ளிக்கூடம்.

மழைக்காலத்தில் அங்கே வாயில் அள்ளி வைத்தால் தண்ணீர் சப்பென்று இருக்கும். தை, மாசி தாண்டியதும் எடையந்திட்டுக் கழிமுகம் வழியாக ஏறிவரும் கடல்நீரின் கரிப்பு தெரியும். சித்திரை வெயிலில் ஓரங்களில் உப்புப் பூத்து, சில குட்டைகளில் கடலைவிடவும் உப்பு கூடிவிடும். ஒரே ஏரி, ஒரே ஆண்டில் மூன்று வகைத் தண்ணீர். இதைச் சமாளிக்கத் தெரிந்த உயிருக்கு மட்டுமே அங்கே இடம். மடவைக்கு இடம் உண்டு, கீச்சானுக்கு உண்டு, இறாலுக்கு உண்டு.

வங்கக் கடலோரக் கழிகளில் திரியும் இன்னொரு மீனைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். வட்டத் தட்டு போன்ற உடல், பாதரசம் பூசியது போன்ற மினுமினுப்பு, மஞ்சள் துடுப்பு, குஞ்சுப் பருவத்தில் கண்ணின் மேல் ஒன்றும் செவுளுக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு கறுப்புப் பட்டைகள். அறிவியல் பெயர் மோனோடாக்டைலஸ் அர்ஜென்டியஸ். 1758இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய மீன். செங்கடலில் தொடங்கி நம் கரைகளைத் தாண்டிப் பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ‘மோனோ’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு நொடி நிற்காது. ஐந்தாறு சேர்ந்தால் தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் பளிச்சிடும்.

அதைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆசை வரும். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களுக்கு அந்த ஆசை இன்னும் அதிகம். பவளத் தொட்டியில் வண்ணம் உண்டு, ஓட்டம் குறைவு. கோமாளி மீன் தன் கடல் சாமந்தியை விட்டு ஒரு சாண் தள்ளிப் போகாது. நடுவே ஒரு வெள்ளிக் கூட்டம் வளைய வந்தால் எப்படி இருக்கும்! ஆனால் உவர்நீர் மீனை முழு உப்புத் தண்ணீரில் விடலாமா? என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. விடலாம் என்பதே பதில். ஆனால் அந்தப் பதிலுக்குள் இருக்கும் நிபந்தனைகளைப் புரிந்துகொள்ள மீனின் செவுளுக்குள் போக வேண்டும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. மீனின் ரத்தத்தில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். நன்னீர் மீனானாலும் கடல் மீனானாலும் எலும்புள்ள மீன்கள் அனைத்துக்கும் கிட்டத்தட்ட இதே அளவு. செவுளோ காகிதத்தைவிட மெல்லிய சவ்வு. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வைக் கடந்து ஓடும். ஆகவே ஏரி மீனுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். அது வாய் வைத்துக் குடிக்காமலேயே நிறையச் சிறுநீர் கழித்துத் தப்பிக்கிறது. கடல் மீனின் பாடு நேர்மாறு. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதன் உடல் காய்ந்துகொண்டே போகும். ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது. ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1930இல் இதை நிறுவினார். குடித்தால் உப்பும் கூடவே வரும். அந்த உப்பு எங்கே போகிறது?

அதற்கான விடை 1932இல் வெளிவந்தது. ஆன்செல் கீஸ், வில்மர் என்ற இருவர் விலாங்கு மீனின் செவுளில், உப்பை வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்த செல்களைக் கண்டு சொன்னார்கள். உணவுக் கொழுப்பையும் இதய நோயையும் ஆராய்ந்து பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அதே கீஸ்தான். இளமையில் அவர் விலாங்கின் செவுளோடு மல்லுக்கட்டியவர் என்பதைப் பலரும் அறிய மாட்டார்கள். அந்தச் செல்கள் நிறைய மைட்டோகாண்டிரியா கொண்டவை. உப்பை எதிர்த்திசையில் தள்ளுவதற்கு ஆற்றல் செலவாகும், அதனால் அங்கே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

கழி மீனின் சாமர்த்தியம் இங்கேதான். அதன் செவுள் இரண்டு வேலையும் செய்யும். தண்ணீரில் உப்பு குறைந்தால் உப்பை உள்ளே இழுக்கும் செல்கள் தலையெடுக்கின்றன. உப்பு கூடினால் வெளியே தள்ளும் செல்கள் பெருகுகின்றன. மாற்றத்தை ஏவுவது ஹார்மோன்கள். கடல்நீருக்குத் தயார்ப்படுத்துவதில் கார்டிசோலுக்குப் பங்கு உண்டு. நன்னீருக்குத் தயார்ப்படுத்துவது புரோலாக்டின். ஆம், தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற அதே புரோலாக்டின். பிட்யூட்டரிச் சுரப்பியை நீக்கிய கில்லி மீன்கள் நன்னீரில் இறந்துவிடுகின்றன, புரோலாக்டின் செலுத்தினால் பிழைத்துக்கொள்கின்றன என்று கிரேஸ் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் 1959இல் காட்டினார்கள். பாலூட்டிகள் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஹார்மோன் மீனின் உப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

செல் முளைக்க நாளாகும். தசையும் சிறுநீரகமும் குடலும் புதிய கணக்குக்கு வர இன்னும் சில நாள் ஆகும். ஒரு மணி நேரத்தில் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் செத்துவிட்டதே என்று வருந்துபவர்கள் தவறவிடுவது இந்தக் கால அவகாசத்தைத்தான்.

இன்னொரு தவறு பெயரிலேயே இருக்கிறது. ‘உவர்நீர் மீன்’ என்று முத்திரை குத்திவிட்டால், அது சாகும்வரை அரை உப்பில்தான் வாழ வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. மோனோவைப் பொறுத்தவரை கழி என்பது குழந்தைப் பருவத்து வீடு. பெரிய மீன்கள் துரத்த முடியாத ஆழமின்மை, அலையாத்தி வேர்களின் மறைப்பு, நிறைய இரை, இவையெல்லாம் அங்கே கிடைக்கின்றன. வெளித் தண்ணீரின் உப்பு ரத்தத்தின் உப்பை நெருங்கியிருக்கும் பருவத்தில் செவுளுக்கு வேலையும் குறைவு. வளர வளர அது முகத்துவாரத்தை நோக்கி நகர்கிறது. வளர்ந்த மோனோக்கள் கடலோரத்திலும் துறைமுகத் தூண்களைச் சுற்றியும் பவளப்பாறை ஓரங்களிலும் கூட்டமாகத் திரிகின்றன. வளர்ந்த மோனோவைக் கடல்நீரில் வைப்பது அதை ஊருக்கு அனுப்புவது போலத்தான். ஆயுள் முழுக்க நன்னீர்த் தொட்டியில் வைத்திருப்பதுதான் அதற்குச் செய்யும் அநியாயம். பல கடைகளில் குஞ்சை நன்னீரில் விட்டு விற்கிறார்கள். சில மாதம் ஓடியாடும், பிறகு நிறம் மங்கி, துடுப்பு கிழிந்து, நோயில் விழும்.

கழிமுகத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகளின் பக்கம் ஒருமுறை நின்றுகொண்டிருந்தபோது, வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் எந்த மாதத்தில் மீன் நன்றாகப் படும் என்று கேட்டேன். “மாசமா தம்பி கணக்கு? மொகம் தொறந்துக்கிச்சின்னா மீனு தானா வரும், அடைச்சிக்கிச்சின்னா ஏரியில இருக்கறது ஏரியிலயே கெடந்து சாவும்” என்றார். முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதைத்தான் அவர் சொன்னார். மோனோவின் வாழ்க்கை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மீன் வளைந்து கொடுக்கும். பவளம் கொடுக்காது. பவள உயிரிக்குச் சிறுநீரகம் இல்லை, உப்பைத் தள்ளும் செவுளும் இல்லை. அதன் உடலுக்குள் இருக்கும் உப்பின் அளவு வெளியே உள்ள கடல்நீரின் அளவுதான். கடல் நீர்த்துப் போனால் அதுவும் நீர்த்துப் போய், செல்கள் ஊதி, உள்ளே குடியிருக்கும் பாசிகளை இழந்து வெளுக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் இருக்க, கழுவெளிக்குப் பக்கத்து மரக்காணம் கரையில் ஏன் பாறைத்திட்டு இல்லை என்பதற்கு ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் ஒரு முக்கியக் காரணம். கழுவெளியைக் கழுவெளியாக்கும் அதே மழைத்தண்ணீர் பவளத்துக்கு ஆகாது. ஆகவே தொட்டியில் இரண்டையும் சேர்ப்பதென்றால் இருவருக்கும் பொதுவாக ஓர் உப்பு அளவைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பவளத்தின் 35 கிராமுக்கு மீன்தான் வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் பவளம் போய்விடும்.

மீனை அழைத்து வருவதற்குத் தனித் தொட்டி வேண்டும். கடைத் தண்ணீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்த்து, அதே அளவில் தொடங்க வேண்டும். நன்னீர் 1.000 காட்டும், நாம் போய்ச் சேர வேண்டியது 1.025. வாரத்துக்கு 0.002 என்று ஏற்றினால் மூன்று மாதம் பிடிக்கும். மீன் இதைவிட வேகமாகவும் தாங்கும். வேகத்தைத் தாங்காதது வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக் கூட்டம் நன்னீருக்கு ஒன்று, கடல்நீருக்கு வேறொன்று. உப்பைச் சட்டென்று ஏற்றினால் பழைய கூட்டம் முடங்கும், புதியது வளர நாளாகும், இடையில் அம்மோனியா தேங்கும். அதே அம்மோனியா காரத்தன்மை கூடிய கடல்நீரில் இன்னும் கொடியது. pH 7இல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, கடல்நீரின் 8.2இல் அது ஆறு ஏழு பங்காகிவிடும். ‘உப்பு ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போச்சு’ என்று கேள்விப்படும் மரணங்களில் பல அம்மோனியா மரணங்கள் என்பது என் கணிப்பு.

உப்பு என்றதும் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான ஏக்கர் மரக்காணம் உப்பளம் இருக்கிறதே, ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தால் ஆகாதா என்று திண்டிவனத்து மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது, அடுத்து ஜிப்சம், அதன் பிறகுதான் நாம் வாரும் உப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நல்ல உப்பு வேண்டும் என்றால் அந்தக் கசப்பு நீரை வடித்துத்தான் ஆக வேண்டும். ஆகச் சமையலுக்கு எது சுத்தமோ அது பவளத்துக்குப் பட்டினி. லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் இருந்தால்தான் பவளம் தன் எலும்பைக் கட்டும். மீனை மட்டும் சில நாள் உப்பளத்து உப்பில் வைக்கலாம். பவளத்தை ஒரு நாளும் வைக்கக் கூடாது. சுத்தமான கடல்நீரையோ, பவளத் தொட்டிக்கென்று கலந்த கடல் உப்பையோதான் பயன்படுத்த வேண்டும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 680 லிட்டர் கொள்ளும். அதற்கு ஏறக்குறைய 24 கிலோ உப்பு. வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றினால் ஒவ்வொரு வாரமும் 2.4 கிலோ. வெயிலில் ஆவியாகிக் குறையும் நீருக்கு மட்டும் உப்புப் போடாத நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும்; ஆவியாவது தண்ணீர்தானே தவிர உப்பில்லை.

ஏன் ஆறடி? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் மோனோ ஒரு சாணுக்கு மேல் வளரும். 27 சென்டிமீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. அதைத் தனியாக வைத்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கி உடலே கறுத்துப்போகும். இரண்டாக வைத்தால் வலியது எளியதை விரட்டும். ஆறு, எட்டு என்று சேர்ந்தால்தான் விரட்டல் பலபேர் மீது பகிர்ந்து விழுந்து கூட்டம் அமைதியாகும்.

கூட்டமாக நீந்துவது அழகுக்காக இல்லை. 1971இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற உயிரியலாளர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். வேட்டை மீன் அருகில் இருப்பதைப் பிடிக்கும். எனக்கும் ஆபத்துக்கும் நடுவே இன்னொருவன் இருந்தால் நான் பிழைப்பேன். ஒவ்வொன்றும் அப்படியே நினைத்து நடுவுக்கு நகர, தலைவன் இல்லாமலேயே கூட்டம் உருவாகிவிடுகிறது. 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் மூன்றே விதிகளை வைத்துக் கணினியில் கூட்டத்தைப் பறக்க வைத்தார்: மோதாதே, பக்கத்தில் இருப்பவர்களின் திசையிலேயே போ, நடுவைவிட்டு விலகாதே. மீனுக்கு இந்த விதிகளைப் பின்பற்றக் கண் மட்டும் போதாது. உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோடு அண்டை மீனின் அசைவால் எழும் நீரழுத்தத்தை உணர்கிறது. கண்ணை மறைத்த சைத் மீன்கூடக் கூட்டத்தில் இடம் பிடித்து நீந்தும் என்று பிட்சரும் சகாக்களும் 1976இல் காட்டினார்கள். வெள்ளி மினுக்கும் இதே பாதுகாப்பின் பகுதிதான். செதில்களுக்குள் குவானின் படிகங்கள் கண்ணாடித் தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நீருக்குள் பக்கவாட்டில் பார்ப்பவன் கண்ணுக்கு மீனுக்குப் பதில் தண்ணீரின் பிம்பமே தெரியும். எல்லாம் சேர்ந்து திரும்பும் நொடியில் பளிச்சென்று ஒளி சிதறி, வேட்டை மீன் எதைக் குறிவைத்ததோ அதைத் தவறவிடும்.

இப்படி விரிந்த நீரில் ஓடித் திரும்புவதற்கென்றே வார்க்கப்பட்ட உடலை மூன்றடிப் பெட்டியில் வைத்தால், உப்பு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. உப்பை மூன்று மாதத்தில் சரிசெய்யலாம். நீளத்தை எந்த மருந்தும் தராது. பவளத் தொட்டியில் பாறையைச் சுவர் முழுக்க அடுக்காமல், நடுவிலோ ஒரு முனையிலோ குவித்து, சுற்றி ஓடப் பாதை விட வேண்டும். பெரிய கூட்டத்துக்கு ஆறடியும் போதாது. மூடி அவசியம், மிரண்டால் துள்ளும்.

மூச்சையும் மறக்கக் கூடாது. 28 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 6.4தான். ஓயாமல் நீந்தும் மீனுக்கு இந்தக் குறைவு உறைக்கும், அதிலும் பவளமும் பாசியும் சேர்ந்து மூச்சு வாங்கும் இரவில். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வீடுகளில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். பவளம் வெளுக்கத் தொடங்கும் எல்லை அது. குளிரூட்டும் கருவியும், மின்சாரம் போனால் ஓட பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பும் இல்லாமல் திண்டிவனத்தில் பவளத் தொட்டி வைக்க நினைப்பது வீண்.

கழியில் மோனோவோடு காணப்படும், கடைக்காரர்கள் ‘ஸ்காட்’ என்று சொல்லும் புள்ளித் தட்டை மீனையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதுவும் கூட்டமாகத் திரியும், அதுவும் வளர்ந்ததும் கடல்நீருக்குப் பழகும், 38 சென்டிமீட்டர் வரை வளரும். ஆனால் பாசியை மேய்வதோடு நில்லாமல் பவள மொட்டுகளையும் கொறிக்கும். முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் நெடுநேரம் கடுக்கும். மோனோ பவளத்தைப் பெரும்பாலும் தொடாது, ஆனால் வாய்க்குள் போகும் சிறு இறாலை விடாது. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். நைட்ரேட் ஏறாமல் பார்க்க, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் பெரிய புரோட்டீன் ஸ்கிம்மர் வேண்டும். மென்பவளங்கள் ஓரளவு தாங்கும், கற்பவளங்கள் தாங்காது.

பவளம் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து ஒரு துண்டு உடைத்து எடுத்தாலும் குற்றம். உரிய தாள்கள் இல்லாத பவளத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

மீனின் விஷயத்தில் நிலைமை நம்பிக்கை தருகிறது. 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம், மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் முட்டுக்காட்டில் இருக்கிறது. 1997இல் கொடுவாவையும், 2015இல் பால்மீனையும் இனப்பெருக்கம் செய்ய வைத்தவர்கள் அவர்கள். மோனோவையும் ஸ்காட்டையும்கூடத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கழியில் வலை வீசி அள்ளிய குஞ்சைவிட, பண்ணையில் பிறந்து தீனிக்குப் பழகிய குஞ்சு நூறு மடங்கு மேல். கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் பண்ணைக் குஞ்சு கடைக்கு வரும்.

ஆறடித் தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்றால் மோனோவை வாங்க வேண்டாம். வாங்கி வளர்த்து, பெரிதாகி, வைத்திருக்க முடியாமல் போனால் அதைக் கழுவெளியிலோ கடலிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டியில் பல நாட்டு மீன்களோடு பழகிய ஒட்டுண்ணிகளும் கிருமிகளும் அதோடு சேர்ந்து கழிக்குப் போகும். அங்கே அவற்றைத் தடுக்க யாரும் இல்லை. வாங்கிய கடையிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.